தம்பிக்காக ருசி பார்த்த சனிக்கிழமைகள்

தாம்பரத்துக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை ஓடிப்போன என் தம்பியை மூன்றாவது தடவை ஓடவிடாமல் பிடித்து வைக்கப் போனேன். மலாயாவின் ஈப்போ நகரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. ஆண்டுக் கடைசி விடுமுறை முழுவதும் கையில் இருந்தது. பள்ளி திறக்கும்வரை அவன் கட்டில் பக்கத்தை விட்டு அசைவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் கப்பல் ஏறினேன்.

தம்பி தேவராஜ் எங்களுக்கு ராஜு. கல்லூரியில் படிக்கவென்று இளம் வயதில் தாம்பரம் வந்தவன், படிப்பு முடிந்தும் மலாயா திரும்பவில்லை. ஒரு பள்ளியில் தாவரவியல் வாத்தியாராகச் சேர்ந்து, இரும்புலியூரில் தனியறை எடுத்துக்கொண்டு, கல்யாணமும் பண்ணாமல் இருந்துவிட்டான்.

நான் வந்து இறங்கியபோது கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சபை விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, ஸ்டேஷன் எதிரில் இருந்த ஓட்டலில் நுழைந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைப் பலகாரத்துக்கு அப்படித்தான் கேட்போம். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இட்லி கீது, பூரி கீது. பசியே ஆறணும்னா சாப்பாடு மதியந்தாம்மா" என்றார்.

இட்லி வந்தது. சாம்பார் வாளியோடு ஒருவர் கேட்காமலே வந்து ஊற்றிக்கொண்டே இருந்தார். காப்பி டம்ளர் கையைச் சுட்டது. ஈப்போ சீனன் கடையில் கெட்டிப்பால் விட்ட காப்பியை அரை மணி நேரம் வைத்துக் குடிக்கலாம். இங்கே நான் இரண்டாவது வாய் குடிப்பதற்குள் மேஜைக்கு அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வார்டு வராந்தாவில் இரண்டு நர்சுகள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டத்தில் மலையாளிகளோடு வளர்ந்த எனக்கு அது புரியாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும். "கடைசிக் கட்டில்காரன் இந்தச் சனிக்கிழமையும் ஓடுவான், பார்த்துக்கோ" என்றாள் ஒருத்தி. "ஓடட்டும். டாக்டர் சொல்லிட்டார், இன்னொரு தடவை போனால் அந்தக் கட்டில் வேறு ஆளுக்கு" என்றாள் மற்றவள்.

கடைசிக் கட்டிலில் என் தம்பி இருந்தான். அவனுடைய சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் கிடந்தது.

"சனிக்கிழமை எங்கடா போற?" என்று கேட்டேன். வேறு நலம் விசாரிப்பெல்லாம் எனக்கு வரவில்லை.

அவன் ஒளிக்கவில்லை. அவனுக்கு மூன்று நண்பர்கள். நால்வரும் வீட்டிலேயே ஒயின் போடுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஒவ்வொருவர் வீட்டிலும் கூடி, அவரவர் போட்ட பாட்டிலைத் திறந்து, ருசி பார்த்து, அந்த ருசியைப் பற்றிப் பேசுவார்கள். இந்த வருஷம் ராஜு நாவல்பழத்தில் போட்டிருந்தான். புட்டிகள் இரும்புலியூர் அறையில் கட்டிலுக்கடியில் இருந்தன.

"இந்த மாத்திரைங்களோட ஒரு சொட்டுகூட ஆகாதுன்னு டாக்டர் சொன்னாராமே?"

"குடிக்கப் போகலக்கா. என்ன பேசுறாங்கன்னு கேக்கத்தான் போனேன். என் பாட்டிலை நான் இல்லாமத் திறந்தா என்ன சொன்னாங்கன்னு எனக்கு யார் சொல்லுவா?"

"நான் சொல்றேன்."

அவன் சிரித்தான், இருமினான், மறுபடியும் சிரித்தான். காரணம் உண்டு. எங்கள் அப்பா சபை மூப்பர். எங்கள் வீட்டில் சாராயம் என்ற சொல்லையே சத்தமாகச் சொன்னதில்லை. திருவிருந்தில்கூட எங்களுக்குத் திராட்சைச் சாறுதான். நான் நாற்பது வயதைக் கடந்தும் ஒரு துளி அறியாதவள்.

"நான் போய்க் குடிச்சிட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன். நீ இந்தக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. சரியா?"

"ஒழுங்கா சொல்லணும்" என்றான். பேரம் முடிந்தது.

முதல் சனிக்கிழமை இரும்புலியூரில், ரயில்வேயில் கணக்கராக இருந்த டேனியல் சார் வீட்டில். மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த காலம் அது. பெரிய ரோட்டோரம் சாராயக் கடைகள் வந்திருந்தன. நான் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்த்துப் போனேன். அங்கே ஊறுகாய்க் கிண்ணம் அளவு கண்ணாடிக் கோப்பைகளும் டேனியல் சார் மனைவி சுட்ட முறுக்கும் இருந்தன. சார் கர்த்தரிடம் சிறு ஜெபம் செய்துவிட்டுத் தக்கையை இழுத்தார்.

மற்ற இருவரில் ஒருவர் ரோஸி டீச்சர், பல்லாவரத்துக் கத்தோலிக்கர், பேச்சில் கறார். இன்னொருவர் மாணிக்கம், பம்மலில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் சூபர்வைசர்.

டீச்சர் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குள் உருட்டினார். "முதல்ல ஏலக்காய். அப்புறம் ரொம்ப நாள் மூடி வச்ச பீரோவைத் திறந்தா வர்ற வாசனை. கடைசியில லைட்டா கசப்பு."

"ஏலக்காய் போடவேயில்லையே டீச்சர்" என்றார் டேனியல் சார்.

"போடலைன்னா என்ன? வருதே."

மாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். "ஆவாரம்பட்டை ஊற வெச்ச தொட்டி கீதே, அந்தத் துவர்ப்பு சார். நாக்கை அப்டியே இஸ்துப் புடிக்குது. இதுல தோலைப் போட்டா நல்லாப் பதமாவும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடித்தேன். தொண்டை எரிந்தது. "நல்லா இருக்கு" என்றேன்.

அறையே சிரித்தது. அந்தக் கூட்டத்தின் ஒரே சட்டம் எனக்குத் தெரியாது: 'நல்லா இருக்கு' என்று யார் சொல்கிறார்களோ அவர்தான் கோப்பைகளைக் கழுவ வேண்டும். கழுவினேன்.

மறுநாள் ராஜு தலையணையில் சாய்ந்து காத்திருந்தான். டீச்சர் சொன்னதையும் மாணிக்கம் சொன்னதையும் ஒப்பித்தேன். "அது அவங்க நாக்கு. உன் நாக்கு என்ன சொல்லுச்சு?" என்றான்.

"புளிப்பு. கொஞ்சம் இனிப்பு."

"தக்காளி ரசமும் அதேதானே?" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அன்றைக்கும் தட்டு அப்படியே திரும்பிப் போனது.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. பிள்ளைகளுக்கு உவமை சொல்லித் தருகிறவள் நான். ஒரு வாய்த் திரவத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லையா? அந்த வாரம் முழுவதும் தாம்பரம் மார்க்கெட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். நெல்லிக்காய், மாதுளை, கொட்டைப்பாக்கு, பழம்புளி, கொய்யாப் பிஞ்சு. விடுதி அறையில் கண்ணை மூடி ஒவ்வொன்றாகக் கடித்து, எது முதலில் வருகிறது, எது பின்னால் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். புளியும் நெல்லிக்காயுமாக நான் தின்பதைப் பார்த்த சமையல்கார அம்மா, புருஷன் இல்லாத இந்த மலாயாக்காரிக்கு என்ன ஆச்சு என்று வார்டனிடம் கவலையோடு விசாரித்ததாகப் பிறகு தெரிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை பல்லாவரத்தில். மின்சார ரயிலில் ஏறுவது சுலபம், கூட்டம் ஏற்றிவிடும். இறங்குவதுதான் கஷ்டம். குடையும் கைப்பையுமாக நான் வாசலை நெருங்குவதற்குள் பல்லாவரம் போய்விட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கி, தலைக்கு மேல் போன விமானத்தைப் பார்த்துவிட்டு, எதிர் ரயில் பிடித்துத் திரும்பினேன். எங்கள் ஈப்போ ஸ்டேஷனில் ரயில் நின்றால், இறங்கி டீ குடித்துவிட்டு ஏறலாம்.

ரோஸி டீச்சர் நெல்லிக்காய் ஒயின் திறந்தார். பச்சைத் தேன் நிறம். டேனியல் சார் "வைக்கோல் போர்ல மழை பெஞ்ச வாசனை" என்றார். என் முறை வந்தது. அவசரப்படவில்லை. நாக்கில் வைத்துக் காத்திருந்தேன்.

"மங்குஸ்தீன்" என்றேன். "வெள்ளைச் சுளை மாதிரி ஆரம்பிக்குது. முடியும்போது தெரியாம அதன் தோலைக் கடிச்ச மாதிரி ஆயிடுது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது இன்னா பழம்க்கா?" என்றார் மாணிக்கம்.

விளக்கிப் பார்த்தேன். ஊதாத் தோல், பஞ்சு மாதிரிச் சுளை என்றேன். "பனங்காய் மாரியா?" என்றார். இல்லை என்றேன். "கத்திரிக்காய் மாரியா?" அதுவும் இல்லை. டீச்சர் இரக்கப்பட்டு, "சரி, அப்படி ஒரு பழம் இருக்கு, விடுங்க" என்று முடித்துவைத்தார். அன்று கோப்பை கழுவ வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தோற்ற மாதிரிதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதையே திருப்பிச் சொன்னேன். ராஜு எழுந்து உட்கார்ந்தான்.

"தோல்னா, வெளித்தோலா? உள்ளே சிவப்பா இருக்குமே, அதுவா?"

"உள்ளே இருக்கிறது."

"பல்லுல ஒட்டிக்கிட்டு, தண்ணி குடிச்சாலும் போகாதே, அந்தத் துவர்ப்பா?"

"அதேதான். ஆனா இது தண்ணி குடிச்சா போயிடுது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வாய் மெதுவாக அசைந்தது. அந்த மூவருக்கும் புரியாத பழம் இவனுக்குத் தெரியும். நாங்கள் ஒரே மரத்தடியில் பொறுக்கித் தின்றவர்கள். "டீச்சர் இந்த வருஷம் சர்க்கரையைக் குறைச்சிருக்காங்க" என்றான். பிறகு, "அக்கா, அந்தக் கஞ்சியை எடு" என்றான். பாதிக் கிண்ணம் உள்ளே போனது. மலையாள நர்சு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரும்புலியூரில் ராஜுவின் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று டேனியல் சார் சொல்லியனுப்பினார். மாணிக்கத்தை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ரிக்‌ஷாக்காரர் தெருமுனையில் நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல படகுதாம்மா" என்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

"நீ நில்லுக்கா, பள்ளம் கீது. நான் எட்தாறேன்."

"என் தம்பி பாட்டில். நானும் வரேன்."

கட்டிலுக்கடியில் புட்டிகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. உடையாமல் இருக்க மாணிக்கம் ஷெட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஆட்டுத்தோல்களில் சுற்றினார். அந்த மூட்டையோடு, மாணிக்கம் வீட்டில் வைக்கலாமென்று பம்மல் பஸ்ஸில் ஏறினோம். மூடிய ஜன்னல்களுக்குள் தோல் தன் வேலையைத் தொடங்கியது. முன் ஸீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மாள், மூக்கைப் பொத்திக்கொண்டு தன் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். மாணிக்கத்துக்குத் தெலுங்கு தெரியும். "பொணத்தை ஏத்திகினு வந்துட்டாங்கன்னு சொல்லுது" என்று என் காதில் சொன்னார். கண்டக்டர் எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். மீதித் தூரம் மழையில் நடந்தோம். ஒரு புட்டிகூட உடையவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மாணிக்கம் வீட்டில் ராஜுவின் நாவல்பழ ஒயினைத் திறந்தோம். நிறம் அத்தனை அழகு. டீச்சர் வெளிச்சத்தில் பிடித்து, "பிஷப் அங்கி கலர்" என்றார். பிறகு முகர்ந்தார். கோப்பையை டேனியல் சாரிடம் நீட்டினார்.

"காடியாயிடுச்சும்மா" என்றார் சார், தாழ்ந்த குரலில்.

எங்கள் ஊரில் காடி என்றால் மோட்டார் கார். ஒரு கணம் விழித்தேன். பிறகுதான் வேதத்தில் சிலுவையடியில் வரும் அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. புளித்துப்போன திராட்சரசம். வினிகர். நானும் ஒரு வாய் எடுத்தேன். மூக்குக்குள் ஊசி ஏறியது. அடுத்த புட்டியைத் திறந்தோம். அதுவும் அப்படியே. எல்லாமே.

மாணிக்கம்தான் முதலில் வாயைத் திறந்தார். "பேஜாராப் பூட்ச்சு. அக்கா, நீ அவர்கிட்ட சூப்பரா கீதுன்னு சொல்லிடு. நாங்களும் அதையே சொல்றோம். பாவம், சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்."

டீச்சரும் சாரும் தலையசைத்தார்கள். அவர்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிச் சொல் என்னைச் சுட்டது.

"எங்க போகட்டும்?" என்றேன். "அவன் எங்கேயும் போகப்போறதில்ல. சாகப் போறவனுக்குத்தான் பொய் சொல்லணும். என் தம்பிக்கு நான் உண்மையைச் சொல்லிக்கிறேன்."

மாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பா சொல்லல்லக்கா" என்றார்.

"தெரியும்" என்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்வது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ராஜு என் முகத்தைப் பார்த்த பார்வையில் அத்தனை ஆசை. நிறத்தைச் சொன்னேன், டீச்சர் சொன்னதைச் சொன்னேன். பிறகு, "புளிச்சுப் போச்சுடா. எல்லாமே வினிகர்" என்றேன்.

"உனக்குத் தெரியல. நாவல்பழம் முதல்ல அப்படித்தான் இருக்கும். மாணிக்கம் என்ன சொன்னான்?"

"அவரும் அதைத்தான் சொன்னார்."

"பொய். வாழ்நாள்ல முதல் தடவையா குடிக்கிற உனக்கு என்ன தெரியும்?" அவன் குரல் உயர்ந்து இருமலில் போய் முடிந்தது. நர்சு வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். அடுத்த இரண்டு நாளும் அவன் என்னோடு பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியது.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் போனபோது கட்டில் காலியாக இருந்தது.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பெரிய டாக்டர் காதுக்குப் போகும். நேரே ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரக் கோடியில், வார்டு சட்டையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு தூணைப் பிடித்தபடி நின்றிருந்தான். பல்லாவரத்தில் இறங்கி பம்மலுக்குப் போக வேண்டும், புட்டியைத் தானே ருசி பார்க்க வேண்டும். அவன் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

"வழியை விடுக்கா."

"நீ அங்க போக வேணாம். இங்கேயே இருக்கு."

அவன் நம்பமாட்டான் என்று தெரிந்த நாள் முதல் ஒரு சிறு புட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அவன் குடிக்கக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். டாக்டர் பேச்சை மீறும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் முகர்வதற்குத் தடை இருப்பதாக யாரும் சொன்னதில்லை. பெஞ்சில் அவனை உட்காரவைத்து, தக்கையை எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்தேன். கையை மட்டும் விடவில்லை.

ரயில் வந்தது. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவன் முகர்ந்தான். இன்னொரு முறை முகர்ந்தான். ரயில் புறப்பட்டுப் போனது.

"கழுத்து வரைக்கும் ஊத்தல" என்றான் மெதுவாக. "அன்னிக்கு வடிகட்டிக்கிட்டு இருக்கும்போதுதான் முதல்ல ரத்தம் வந்துச்சு. பாதியில மூடி வச்சுட்டேன். மேல காத்து நின்னிருக்கு. அதான்."

என்னிடம் அவன் அந்த நாளைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. அவன் முதுகில் கை வைத்தேன். எலும்பு எலும்பாக இருந்தது. அவன் அழுதான், நான் அழவில்லை, புட்டியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"சமையலுக்கு ஆகும்" என்றான், துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ரோஸி டீச்சர்கிட்ட குடு. கொட்டிடாத."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தோம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். வராந்தாவில் மலையாள நர்சு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். "காத்து வாங்கக் கூட்டிட்டுப் போனேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரை எடுத்து வந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று பார்வையாளர் நேரத்தில் ரோஸி டீச்சர் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். அந்த நாவல் காடியில் மூன்று நாள் ஊறவைத்துச் செய்த பன்றிக்கறி விண்டாலு. நர்சிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தார். மாணிக்கமும் டேனியல் சாரும் பின்னால் நின்றார்கள். மூடியைத் திறந்ததும் பூண்டும் மிளகாயும் புளிப்புமாக வாசனை வார்டு முழுவதும் பரவியது. அடுத்த கட்டில்காரர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

ராஜு சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தான். நால்வரும் அவன் வாயையே பார்த்தோம். அடுத்த வாய் எடுத்தான். அதற்கடுத்தது. நெற்றி வேர்த்தது, மூக்கு ஒழுகியது, நிறுத்தவில்லை. டேனியல் சார் பொறுமை இழந்து, "எப்படி இருக்குன்னு சொல்லுங்க தம்பி" என்றார். "சாப்பிட விடுங்க சார்" என்றான் ராஜு. தட்டைக் காலி செய்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

மாணிக்கம் வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளி திறக்கும் நேரம் நெருங்கியது. நான் கப்பல் ஏறுவதற்கு முந்தின சனிக்கிழமை விடைபெறப் போனேன். ஆடி மாதத்துக்குள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாவல்பழம் கடைசியாகக் கிடைக்கும் மாதம் அது என்று ராஜு அவரிடமே கணக்குப் பேசிக்கொண்டிருந்தான். பிறகு மாத்திரைகளை என் கண்ணெதிரே விழுங்கினான். "நீ போக்கா, நேரமாச்சு" என்றான். நான் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவன் கட்டிலில்தான் இருந்தான்.